அண்ணி தூக்கிய கை

நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இதில் என் கணவரும் வருவார். அவரை ‘அவர்’ என்றுதான் எழுதப்போகிறேன். அந்த ‘ர்’ பழக்கத்தில் வருகிறது, மனதிலிருந்து வரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அண்ணி நெசவாலையில் தறி ஓட்டினார். ஆலையில் அவருக்கு சிக்னல் என்று பெயர். தறிக்கூடத்தில் எல்லாத் தறியும் ஓட ஆரம்பித்துவிட்டால் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். இரண்டு விரலை உரசினால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். காது மடலைப் பிடித்து இழுத்தால் மேனேஜர் வருகிறார், ஜாக்கிரதை. மேனேஜருக்குக் காது கொஞ்சம் பெரிது. கையை மடக்கித் தலைக்கு மேலே தூக்கினால் நிறுத்து. அதில் மட்டும் விளையாட்டே கிடையாது. யார் தூக்கினாலும், பார்த்தவர்கள் அந்தக் கணமே தறியை நிறுத்திவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் அப்புறம்.

மற்றவர்கள் இந்தக் கைப்பேச்சை வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். அண்ணி அதில் ஊர்வம்பே பேசுவார். யார் வீட்டில் மாமியார் சண்டை, யார் பையன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டான், எல்லாம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை ஓயாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அக்காவும் தம்பியும் கையை ஆட்டி ஆட்டிச் சிரிப்பதைப் பார்த்து, என்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். போகப்போகக் கைப்பேச்சு எனக்கும் பிடிபட்டது. பார்த்தால், என்னைத்தான் கேலி செய்திருக்கிறார்கள்.

அப்பா அம்மா போன பிறகு அந்தத் தம்பியை வளர்த்து ஆளாக்கியது அண்ணிதான். தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி எதுவும் அவர் பார்த்துக்கொள்ளவில்லை. கேட்டால், “வந்தவனெல்லாம் வாயால பேசறான், எனக்குக் கேக்கமாட்டேங்குது” என்பார். தம்பிக்கு வயது வந்ததும் மேனேஜரிடம் பேசித் தறிக்கூடத்தில் சேர்த்துவிட்டதும் அவர்தான். முதல் நாளே என் கணவரின் சட்டைக் கை தறியின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. இழுத்துக்கொண்டு போகிறது, இவர் கத்துகிறார், யாருக்கும் கேட்கவில்லை. மூன்று வரிசை தள்ளி நின்ற அண்ணி திரும்பிப் பார்த்தார். கையை மடக்கித் தூக்கினார். அந்தத் தறிக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் கேட்காமல் சட்டென்று நிறுத்தினார். சட்டை கிழிந்தது, கை தப்பியது. கல்யாணம் ஆன வாரத்திலேயே என் கணவர் முழங்கையில் இருந்த தழும்பைக் காட்டி இந்தக் கதையை எனக்குச் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டார். “அக்கா கை மேல போனதாலதான் என் கை உடம்புல இருக்கு” என்றார். இந்தப் பேச்சை நான் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன். அவர்தான் மறந்துபோனார்.

இனி கதவு விஷயத்துக்கு வருகிறேன். தறிக்கூடத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் ஆபீஸ் பக்கம். பின்கதவு சந்துப் பக்கம். துணி திருட்டுப் போகிறது என்று சொல்லி, வேலை நேரத்தில் பின்கதவை வெளிப்பக்கம் பூட்டிவைக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் முன்வாசல் பக்கம் குவிந்திருந்த பஞ்சுக் கழிவில் தீப்பிடித்துவிட்டது. எல்லாரும் பின்கதவுக்கு ஓடினார்கள். கதவு அசையவில்லை. தண்ணீர் ஊற்றி எப்படியோ அணைத்துவிட்டார்கள், ஆனால் ஒரு பெண்ணுக்குத் தோளிலிருந்து விரல்வரை வெந்துபோனது. மறுநாள் கரி பிடித்த சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். பின்கதவில் பழைய பூட்டே தொங்கியது.

அன்றைக்குத்தான் அண்ணி போராட்டத்தை ஆரம்பித்தார். பெரிய கொடி, கோஷம் ஒன்றும் இல்லை. வேலை நேரத்துக்கு எல்லாரும் வருவார்கள். தறிக்குப் போகாமல் ஆலை முற்றத்தில் உட்காருவார்கள். வேலை நேரம் முடிந்ததும் உட்கார்ந்த இடத்தைப் பெருக்கிவிட்டுப் போவார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: பின்கதவைப் பூட்டாதே. அண்ணி போட்ட கட்டளையும் ஒன்றுதான். “கையில கல்லு, கட்டை எதுவும் இருக்கக்கூடாது. ஒரு கல்லு பறந்துச்சுன்னா, நாம கேட்டது கதவுங்கறதே எவனுக்கும் ஞாபகம் இருக்காது.”

முதலில் மேனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார். “பூங்காவுல காத்து வாங்கற மாதிரி உக்காந்திருக்காங்க” என்றாராம். ஆனால் போகப்போக ஊர் பேச ஆரம்பித்தது. பேருந்தில் நடத்துநர் டிக்கெட் கொடுக்கும்போதே, “என்னம்மா, கதவைத் திறந்தாச்சா?” என்பார். பள்ளிக்கூட வாத்தியார் கேட்டார். காவலுக்கு வந்த போலீஸ்காரர்கூட மரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “நியாயமாத்தானே கேக்கறாங்க, திறந்துவிட வேண்டியதுதானே” என்று முணுமுணுத்தார். ஆலை வாட்ச்மேன் பெரியவர் அண்ணிக்காகத் தன்னுடைய ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அதில் அண்ணி உட்காரவில்லை, தீக்காயம் பட்ட பெண்ணை உட்கார வைத்தார். மேனேஜர் கடைசியில் இறங்கி வந்து, சாவியை உள்ளே ஆணியில் மாட்டிவைக்கிறோம் என்றார். “புகையில ஆணி தெரியாது சார்” என்று சொல்லிவிட்டு அண்ணி மறுபடி தரையில் உட்கார்ந்துகொண்டார். அந்த வாரமே முதலாளி தானே நேரில் வந்து பேசுவதாகச் சொல்லி அனுப்பினார்.

என் கணவருக்கு இதெல்லாம் சப்பென்று இருந்தது. அவர் தறியை விட்டுக் கிடங்கு வேலைக்கு மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மூட்டை ஏற்றி இறக்கும் லோடுமேன்கள்தான் இப்போது அவருக்குக் கூட்டாளிகள். அவர்கள் மத்தியில் இவர் பெரிய வீரர். ஆலைக்குள் போனால் ‘சிக்னலோட தம்பி’. அது அவருக்கு உள்ளே குத்தியிருக்கிறது. முதலாளி வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டிலேயே அக்காவுக்கும் தம்பிக்கும் வாய்த்தகராறு.

“இப்படியே உக்காந்து உக்காந்து தேஞ்சுபோகப் போறோம். ரெண்டு கண்ணாடியை உடைச்சாத்தான் அவனுக்குப் பயம் வரும்.”

“எனக்கு அவன் பயந்து என்னடா ஆகணும்? கதவு திறக்கணும், அவ்வளவுதான்.”

“பயப்படாம எவன் திறப்பான்?”

“வெக்கப்பட்டுத் திறப்பான். ஊரே கேக்குதில்ல?”

என் கணவர் சிரித்தார். அண்ணி பேச்சை வளர்க்கவில்லை. கையை மடக்கி மேலே தூக்கினார். நிறுத்து. இவரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மறுநாள் காலை முதலாளியின் கார் முற்றத்துக்குள் வந்தது. தறிக்காரர்கள் உட்கார்ந்தபடி இருந்தார்கள். முதலாளி ஒரு காலைக் கீழே வைத்திருப்பார், கிடங்குப் பக்கமிருந்து ஒரு கல் வந்து ஆபீஸ் ஜன்னலில் விழுந்தது. எறிந்தவர் என் கணவர். அவருக்குப் பின்னாலேயே லோடுமேன்கள் வந்தார்கள். ஒன்று, இரண்டு, அப்புறம் மழை மாதிரி கல். அண்ணி பாய்ந்து போய் வாட்ச்மேன் போட்ட ஸ்டூலின்மேல் ஏறினார். வாயால் என்ன கத்தினாலும் அந்தக் கூச்சலில் எடுபடாது. அத்தனை வருடப் பழக்கம். கையை மடக்கித் தலைக்கு மேலே தூக்கினார்.

தறிக்கூடத்து ஆட்கள் அத்தனை பேரும், எழுந்தவர்கள்கூட, அந்தக் கையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்தார்கள். ஆனால் லோடுமேன்கள் ஒருநாளும் தறிக்கூடத்துக்குள் கால் வைத்தவர்கள் இல்லை. ஒரு பெண் உயரத்தில் ஏறி நின்று முஷ்டியைத் தூக்கினால் அவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். ‘சிக்னலே சொல்லிடுச்சுடா!’ என்று எவனோ கத்தினான். அதற்கப்புறம் காரைக் கவிழ்த்துத் தீ வைத்துவிட்டார்கள். அண்ணி கையை இன்னும் உயரமாகத் தூக்கினார். அவர் தூக்கத் தூக்க அங்கே வெறி ஏறியது. தறி ஓடாத இடத்தில் தறிக்கூடத்துப் பாஷை செல்லாது என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. கேட்டருகே நின்ற வாட்ச்மேன் பெரியவருக்கு ஒரு கல் கண்ணில் பட்டது. அந்தக் கண் போய்விட்டது.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பின்னால் கரும்புகை, முன்னால் ஸ்டூலின்மேல் அண்ணி, மடக்கிய கை வானத்தைப் பார்த்து. கீழே ‘கலவரத்துக்குக் கைகாட்டிய பெண்’ என்று கொட்டை எழுத்து. அதுவரை ஊர் கதவைப் பற்றிக் கேட்டது. அதற்கப்புறம் காரைப் பற்றிக் கேட்டது. அதே நடத்துநர், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தீக்காயம் பட்ட பெண்ணை யாரும் விசாரிக்கவில்லை. பின்கதவில் இப்போது இன்னும் பெரிய பூட்டு. ஒரே ஒரு காலைப்பொழுதில் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

என் கணவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நான் ஸ்டேஷன் வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தவம் கிடந்தேன். அண்ணி வந்து என்னோடு நின்றார். தம்பிக்கு மாற்றுச் சட்டை கொண்டுவந்திருந்தார். இரண்டு நாள் கழித்து இவரை விட்டுவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை என்றார்கள். வேலையும் போகவில்லை. லோடுமேன்கள் உள்ளே இருக்கிறார்கள், இவர் மட்டும் எப்படி வெளியே வந்தார் என்று நான் யோசிக்கவே இல்லை. வந்தாரே என்ற சந்தோஷத்தில் என் மூளை வேலை செய்யவில்லை.

கலவரத்தைத் தூண்டியதாக அண்ணிமேல் ஆலை விசாரணை வைத்தது. ஆபீஸ் அறையில் நீள மேஜை, ஒரு விசாரணை அதிகாரி, பக்கத்தில் மேனேஜர். உடைந்த ஜன்னலுக்கு அட்டை ஒட்டியிருந்தார்கள். தறிக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் மடக்கிய கைக்கு நிறுத்து என்றுதான் அர்த்தம் என்று சொன்னார்கள். அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டு, “எல்லாரும் ஒரே மாதிரி சொல்றீங்க. சொல்லிவச்ச மாதிரி இருக்கே” என்றார். எனக்கு மூக்குமேல் கோபம் வந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவள் உள்ளே போய்விட்டேன்.

“சார், நான் ஆலையில வேலை பாக்கல. எனக்கு யாரும் சொல்லிவைக்கல. வீட்டுலயே தினமும் பாக்கறேன். அண்ணி கையை மடக்கித் தூக்கினா நிறுத்துன்னுதான் அர்த்தம்.”

“உங்களுக்கு யாரும்மா அதைச் சொன்னது?”

“என் புருஷன்தான் சார். இவங்களோட கூடப்பிறந்த தம்பி. இந்தக் கையாலதான் அவர் கையே தப்பிச்சது.”

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தன் பெரிய காதைச் சொறிந்துகொண்டே சிரித்தார். அதிகாரி கொஞ்சம் பரிதாபமாகத்தான் சொன்னார். “அம்மா, உங்க வீட்டுக்காரர் நேத்தே வந்து இதே இடத்துல நின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எங்க அக்கா கையைத் தூக்கினதும் அடிக்கச் சொல்றாங்கன்னு நினைச்சுத்தான் எல்லாரும் அடிச்சோம்னாரு. நிறுத்துன்னு ஏதும் சைகை இருக்கான்னும் கேட்டேன். எனக்குத் தெரிஞ்சு இல்லேன்னாரு. கூடப்பிறந்தவனே சொல்றான். தம்பி எதுக்கும்மா அக்காவுக்கு எதிரா பொய் சொல்லப்போறான்?”

அண்ணி எனக்குப் பின்னால்தான் நின்றார். வருடக்கணக்காகத் தறிச் சத்தத்தில் நின்று அவருக்குக் காது மந்தம், சரியாகக் கேட்டிருக்காது என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். “என்ன சொல்றாரு?” என்று கையால் கேட்டார். நான் எப்படிச் சொல்வேன்? தம்பி என்பதற்கு அவர்கள் வைத்திருந்த சைகை முழங்கையைத் தொடுவது, அந்தத் தழும்பு இருக்கும் இடம். நான் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். அதற்குமேல் என் கை ஓடவில்லை. அண்ணி என் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்துவிட்டார். அத்தனை நாள் முற்றத்தில் உட்கார்ந்தவர், அன்றைக்கு உட்கார்ந்த மாதிரி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து நான் கேட்டேன். “நெஞ்சுல ஈரமே இல்லையா உங்களுக்கு?”

“என்ன பண்ணச் சொல்ற? நான் உள்ளே போனா நீயும் குழந்தையும் தெருவுல நிப்பீங்க. அக்கா ஒண்டிக்கட்டை. வேலை போனாலும் சமாளிச்சுக்கும்.”

“எங்களைச் சாக்கு சொல்லாதீங்க. கல்லை எடுக்கும்போது நானும் குழந்தையும் ஞாபகத்துக்கு வரலியா?”

“நான் முழுப் பொய்யா சொன்னேன்? அது கையைத் தூக்குச்சா இல்லையா?”

அவர் இப்படிக் கேட்டதும்தான் எனக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அன்றிலிருந்து அவரோடு தேவையான பேச்சு மட்டும்தான். சாப்பாடு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஊரார் என்னைக் குடும்பத்துக்குத் துரோகம் செய்தவள் என்கிறார்கள். புருஷனுக்கு எதிராக விசாரணையில் சாட்சி சொன்னேனாம். துரோகம் என்ற சொல்லை எந்த வீட்டுக் கதவில் ஒட்டுகிறார்கள் பாருங்கள்.

அண்ணிக்கு வேலை போனது. எங்கள் வீட்டை விட்டுப் போய் வேறு தெருவில் ஓர் அறையில் தனியாக இருக்க ஆரம்பித்தார். தறிக்கூடத்தில் கையை மடக்கித் தூக்கக்கூடாது என்று ஆலை உத்தரவே போட்டது. தறியில் ஆள் சிக்கினால்கூடத் தூக்கப் பயந்தார்கள். அண்ணி இதைக் கேள்விப்பட்ட அன்றுதான் அழுதார். “என்னைக் காட்டிக்கொடுத்தான், போகட்டும். அந்தக் கையையுமில்ல சேத்துக் காட்டிக்கொடுத்துட்டான். நாளைக்கு எவ பிள்ளைக்கோ சட்டை மாட்டினா யாரு எப்படி நிறுத்துவாங்க?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனார். பின்சந்தில், பூட்டிய கதவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். வேலை ஆரம்பிக்கும்போது வருவார், முடிந்ததும் போவார். மேனேஜர் ஆள் அனுப்பி, இங்கே என்ன வேலை என்று கேட்டார். “உள்ளே இருக்கறவங்களுக்கு வெளியில ஒரு ஆள் வேணும் சார். தீப்பிடிச்சா கத்தறதுக்கு” என்றார் அண்ணி. சந்து ஆலைக்குச் சொந்தமில்லை. போலீசைக் கூப்பிட்டால், ஸ்டூலில் உட்காருவதற்கு எந்தச் சட்டத்தில் கேஸ் போடுவது என்று தெரியாமல் அவர்கள் போய்விட்டார்கள்.

நான் என் தையல் வேலையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்தில் போகிறவர்கள் முதலில் முறைத்தார்கள். “கார் எரிச்சவங்கதானே?” என்று ஒருவர் காதில் விழும்படியே சொன்னார். அண்ணிக்குக் கேட்கவில்லை. கேட்காத காதும் சில நேரம் வரம்தான். ஜாமீனில் வந்திருந்த ஒரு லோடுமேன் கடப்பாரையோடு வந்தான். “அக்கா, உங்க கைக்கு அர்த்தம் இப்பத்தான் தெரிஞ்சுது. தப்பு பண்ணிட்டோம். ஒரே அடி, பூட்டு தெறிச்சிரும்” என்றான். அண்ணி கடப்பாரையை வாங்கிச் சந்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். “நாம உடைச்சா அவன் வேற பூட்டு வாங்குவான். அவனே கழட்டினாத்தான் கழண்ட மாதிரி. நீ வேணும்னா உக்காரு” என்றார். அவன் தரையில் உட்கார்ந்தான்.

ஒருநாள் வாட்ச்மேன் பெரியவர் வந்தார். ஒரு கண்ணில் கட்டு. அண்ணி எழுந்து நின்றார், அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பெரியவர் சத்தமாக, அண்ணிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். “நான் தறிக்கூடத்துல இருந்தவன்தாம்மா ஒரு காலத்துல. நீ கையைத் தூக்கினதும் உன்னையேதான் பாத்துக்கிட்டு நின்னேன். நின்னுடும், எல்லாம் நின்னுடும்னு நினைச்சேன். அதனாலதான் கல்லு வந்ததைப் பாக்கல.” அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் நான் எழுந்து கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்றைய தினத்திலிருந்து ஊர் முறைக்கவில்லை. கண்ணை இழந்தவரே அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அந்தப் பத்திரிகைப் படத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் பேச முடியும்? வேலை முடிந்த தறிக்காரர்கள் வந்து சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். வாத்தியார் வந்தார். பேருந்து சந்து முனையில் வேகம் குறைந்தது, நடத்துநர் படியில் தொங்கியபடி கத்தினார்: “என்னம்மா, கதவைத் திறந்தாச்சா?” அந்தக் கேள்வியை மறுபடி கேட்க வைப்பதற்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு நாள், யாரும் எதிர்பார்க்காத மதியத்தில், மேனேஜர் தானே சாவியோடு வந்தார். எங்களை ஒருவரையும் பார்க்கவில்லை. பூட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது பெரிய பூட்டு, பை ஒரு பக்கமாகத் தொங்கியது. அப்படியே நடந்து போய்விட்டார். உள்ளேயிருந்து யாரோ கதவைத் தள்ளினார்கள். திறந்த கதவு வழியாகத் தறிச் சத்தம் மொத்தமாகச் சந்தில் வந்து கொட்டியது. அண்ணி எழுந்து முந்தானையால் ஸ்டூலைத் துடைத்தார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கார் வழக்கில் இன்றுவரை அவர் பெயர் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அண்ணியின் அறையில் நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என் கணவர் வந்தார். கையில் ஒரு பை நிறையப் பழம். அக்கா வீட்டுப் பக்கமே வராதவர், சிரித்துக்கொண்டே, பழைய தம்பியைப் போல, தெருவிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார்.

“அக்கா! கேள்விப்பட்டேன். கடைசியில நாம ஜெயிச்சுட்டோம் பாத்தியா!”

நாம என்றார். எனக்கு ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. அவர் படியில் ஒரு காலை வைத்தார். அண்ணி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை மடக்கித் தலைக்கு மேலே தூக்கினார்.

என் கணவர் அந்த இடத்திலேயே நின்றார். ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. விசாரணை மேஜைக்கு முன்னால் தெரியாது என்று சொன்ன அர்த்தம் அவர் உடம்புக்கு அவரைக் கேட்காமலேயே தெரிந்திருந்தது. அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும், முகத்தில் ஈயாடவில்லை. பழப்பையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அண்ணி கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“பாத்தியா,” என்றார் என்னிடம். “மறக்கலை அவன்.”